சம்பவத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே

வன்கொடுமை வழக்கு ஒன்று நாளிதழில் பெரும்பாலும் இரண்டு நாள்தான் செய்தியாகிறது. சம்பவம் நடந்த மறுநாள் ஒரு முறை, தீர்ப்பு வந்த மறுநாள் ஒரு முறை. நடுவே எத்தனை ஆண்டு போனாலும் அந்தக் காலனியில் என்ன நடக்கிறது என்று எழுதுபவர்கள் குறைவு. முதல் வாரத்தில் தலைவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு முன்போ பின்போ அதிகாரிகள் வருகிறார்கள். உண்மை அறியும் குழுக்கள் வந்து அறிக்கை எழுதுகின்றன. அப்படிப்பட்ட குழுக்கள் சிலவற்றில் நாமும் இருந்திருக்கிறோம். அந்த வேலையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காரியம் முடிந்து, பந்தல் பிரித்து, பாதுகாப்புக்கு நின்ற போலீஸ் வேனும் கிளம்பிய பிறகு அந்தத் தெருவுக்குள் யார் போகிறார்கள்?

விழுப்புரம் மாவட்டத்தில் நாம் பார்த்தவரை, ஒரு பழைய மொபெட்டில், தோளில் ஒரு ஜோல்னாப் பையோடு, பெரும்பாலும் ஒரு பெண் போகிறார். தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர் என்று அவருடைய அடையாள அட்டையில் போட்டிருக்கும். காலனியில் அவர் 'ஆபீஸ் அக்கா'. இந்த வாரம் அவரைப் போன்றவர்களைப் பற்றித்தான் எழுதுகிறோம். பெயர் போட வேண்டாம் என்று நாம் பேசிய அனைவரும் கேட்டுக்கொண்டார்கள். பெயர் அச்சில் வந்துவிட்டால் அடுத்த முறை காவல் நிலையத்தில் உட்கார்ந்து பேசுவது கடினமாகிவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். ஊர்ப் பெயரையும் தவிர்த்திருக்கிறோம், வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

பஸ் டிக்கெட் வைத்திருந்த பிளாஸ்டிக் கவர்

அடிபட்டவரை அரசு மருத்துவமனையில் சேர்த்த இரவே களப்பணியாளரின் வேலை தொடங்கிவிடுகிறது. விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். நகல் என்று சொல்வார்களே, அதில் 'தெரிந்த நபர்கள் தாக்கியதாக' என்று எழுதியிருக்கிறதா, இல்லை 'வண்டியிலிருந்து விழுந்ததாக' என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. பிறகு புகார். 'சாதியைச் சொல்லித் திட்டினார்' என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தால் வழக்கு பின்னால் தள்ளாடும். எந்த வார்த்தை, எந்த இடத்தில், யார் யார் காதில் விழுந்தது என்பது வேண்டும். ஏனென்றால் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கிறது. அந்த வார்த்தையைத் தன் வாயால் மறுபடி சொல்ல அடிபட்டவருக்கு நா எழாது. பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, நேரம் கொடுத்து, அதைச் சொல்ல வைத்து எழுதுவது ஒரு தனி வேலை. அதே நேரத்தில் எதிர்த் தரப்பு ஒரு எதிர் வழக்கைப் பதிய வைத்திருக்கும். 'இரண்டு பக்கமும் எஃப்.ஐ.ஆர். இருக்கு, பேசி முடிச்சுக்கலாம்' என்று யாராவது ஒரு பெரியவர் மோர் வாங்கிக் கொடுத்துப் பேச ஆரம்பித்திருப்பார்.

"நீ யாரும்மா? பொண்ணுக்கு என்ன உறவு?" என்பது காவல் நிலையத்தில் இவர்களிடம் கேட்கப்படும் வழக்கமான கேள்வி. நாம் பேசிய பணியாளர்களில் ஒருவர் இதற்காகவே ஒரு தாளை லேமினேட் செய்து பையில் வைத்திருக்கிறார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 ஆம் ஆண்டு திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்ட 15-ஏ பிரிவின் நகல் அது. பாதிக்கப்பட்டவரும் அவரைச் சார்ந்தவர்களும் தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறுவது அவர்களுடைய உரிமை என்று அந்தப் பிரிவின் 12 ஆம் உட்பிரிவு சொல்கிறது. "உறவு என்னன்னு கேட்டா இதத்தான் சார் காட்டுவேன்" என்கிறார் அவர். தொண்டு நிறுவனப் பணியாளர் காவல் நிலையத்தில் இருப்பது இன்ஸ்பெக்டர் காட்டும் தயவு இல்லை, சட்டம் கொடுத்த இடம் என்பதை நம் மக்களே இன்னும் முழுதாகத் தெரிந்துகொள்ளவில்லை.

தீருதவித் தொகை அடுத்தது. விதிகளின்படி 7 நாளுக்குள் உடனடித் தீருதவி வந்துசேர வேண்டும். பல வகைக் குற்றங்களுக்கு அது மூன்று தவணை: எஃப்.ஐ.ஆர். போட்டதும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும் 50 சதவீதம், கீழமை நீதிமன்றம் தண்டித்தால் மீதி 25 சதவீதம். முதல் தவணை வந்த அன்றே 'காசு வாங்கத்தான் கேஸ் போட்டாங்க' என்ற பேச்சு டீக்கடையில் ஓட ஆரம்பித்துவிடும். இந்தப் பேச்சை ஊர்த் தெருவில் கேட்பது நமக்குப் பழகிவிட்டது. காலனிக்குள்ளேயே, பணம் வராத பக்கத்து வீட்டிலிருந்து அது கிளம்பும்போதுதான் காயம் புரையோடுகிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே போய் உட்கார்ந்து, எந்தப் பிரிவில் யாருக்கு எவ்வளவு, ஏன் என்று தாளில் எழுதிக் காட்டுவது அதே ஆபீஸ் அக்காதான்.

இதில் நமக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது 11 ஆம் விதி. 1995 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் இருக்கிறது. விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் வந்துபோகிற பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணச் செலவு கொடுக்க வேண்டும். வீட்டை விட்டு வந்த நாளுக்கு, விவசாயக் கூலிக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் படி கொடுக்க வேண்டும். பெண்கள், சிறார், 60 வயதைக் கடந்தவர்கள், 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுற்றவர்கள் ஆகியோர் தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம். துணைக்கு வந்தவருக்கும் செலவு உண்டு. 3 நாளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று கெடுவும் இருக்கிறது. இப்படி ஒரு விதி இருப்பதே பல சாட்சிகளுக்குத் தெரியாது. ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, நீதிமன்ற வாசலில் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, 'வாய்தா தள்ளிப் போச்சு' என்று கேட்டுக்கொண்டு திரும்புகிறார்கள். நான்காவது முறை வரமாட்டார்கள். சாட்சி பிறழ்ந்துவிட்டது என்று நாளிதழில் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும் சங்கதிக்குப் பின்னால் மிரட்டல் இருக்கும், சமரசம் இருக்கும். பல நேரம் வெறும் பஸ் காசும் இருக்கும்.

நாம் சொன்ன அந்தப் பணியாளர், தன் வழக்கில் முக்கியச் சாட்சியான எழுபது வயது ஆயாவின் பஸ் டிக்கெட்டுகளை ஒன்றுவிடாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு வாய்தா நாளிலும் நீதிமன்றத்தில் வருகைச் சான்று எழுதி வாங்கினார். வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மனு மேல் மனு. விதியின் நகலை ஒவ்வொரு மனுவோடும் இணைத்தார். 3 நாளில் கிடைக்க வேண்டியது பல மாதம் கழித்துத்தான் கிடைத்தது. தொகையும் பெரிதில்லை. ஆனால் ஆயா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்: "கோர்ட்டுக்குப் போனதுக்கு கவர்மெண்டு எனுக்குக் கூலி போட்டுக் குட்த்துச்சு." கோர்ட்டுக்குப் போவதும் ஒரு வேலை, அதற்கும் கூலி உண்டு என்ற எண்ணம் அந்தத் தெருவுக்குப் புதிது. அதுவரை தயங்கிக்கொண்டிருந்த இன்னும் இரண்டு சாட்சிகள் அடுத்த வாய்தாவுக்கு வந்தார்கள்.

ஆறு என்றால் வழி

மனம் உடைந்தவர்களோடு பேசித் தேற்றுவதை இப்போது 'ஆற்றுப்படுத்துதல்' என்று எழுதுகிறார்கள். அரசுப் பள்ளிகளில் அப்படி ஒரு பதவிப் பெயரைக்கூடப் பார்க்கலாம். புண்ணை ஆற்றுவது என்ற பொருளில்தான் பலரும் இதை எடுத்துக்கொள்கிறோம். ஆனால் தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் பத்துப்பாட்டு நினைவுக்கு வரும். அதில் சரிபாதி, ஐந்து நூல்கள், ஆற்றுப்படைகள். ஆறு என்றால் வழி. வள்ளல் ஒருவரிடம் பரிசு பெற்றுத் திரும்புகிற கூத்தனோ பாணனோ, எதிரே வாடிய முகத்தோடு வருகிற இன்னொரு கலைஞனைப் பார்த்து, 'நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன், இப்படிப் போ, வழியில் இன்னின்ன ஊர் வரும், இன்னது உண்ணத் தருவார்கள்' என்று சொல்வது அதன் அமைப்பு. தானே பட்டவன், பசியை அறிந்தவன், வழி சொல்கிறான். மேலே இருந்து கீழே பார்த்துச் சொல்கிற ஆறுதல் அதில் இல்லை.

காலனிக்குள் நடக்கும் வேலைக்கு இந்தப் பழைய பொருள்தான் பொருத்தமாக இருக்கிறது. நாம் சந்தித்த பணியாளர்களில் பலர் வேறு ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு ஆண்டில், இதே போன்ற ஒரு இரவைப் பார்த்தவர்கள். விழுப்புரம் நகரில் 1978 ஜூலையில் தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டபோது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வர இன்னும் 11 ஆண்டு இருந்தது. அந்தக் கொலைகளின் கதையைப் பாட்டியிடம் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று இந்த வேலையில் இருக்கிறார்கள்.

மாவட்டத்தின் மேற்குப் பக்கம் உள்ள அந்த ஊரில், திருவிழா இரவு ஒன்றில் காலனிக்குள் புகுந்து வீடுகளை உடைத்தார்கள். ஒரு பையனுக்குக் கையில் வெட்டு. மறுநாளிலிருந்து ஊர்க்காரர் நிலத்தில் வேலை இல்லை. மளிகைக் கடையில் கணக்கில் கொடுப்பது நின்றது. ஆபீஸ் அக்கா போனபோது யாரும் பேசவில்லை. 'இன்னா பேசறது, எல்லாந்தான் பேப்பர்ல வந்துச்சே' என்றார்கள். அவர் கூட்டம் எதுவும் போடவில்லை. நூறு நாள் வேலை நடக்கிற ஏரிக்கரைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார ஆரம்பித்தார். ஒன்றரை மாதம் அப்படித்தான். பேச்சு வந்தபோது அது அடிதடியைப் பற்றி வரவில்லை. தொலைந்த கொலுசைப் பற்றி வந்தது, காணாமல் போன ஆட்டைப் பற்றி வந்தது.

அதிலிருந்து ஒரு பட்டியல் உருவானது. வன்கொடுமை நடந்த இடத்தை மாவட்ட நிர்வாகம் பார்வையிட்டு, பாதிக்கப்பட்டவர்களின் பட்டியலையும் சொத்து இழப்பின் விவரத்தையும் தயாரிக்க வேண்டும் என்று 6 ஆம் விதி சொல்கிறது. வருவாய்த் துறை எடுத்த பட்டியலில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது, கிரைண்டர் இருந்தது, ஓட்டுக் கூரை இத்தனை சதுர அடி என்று இருந்தது. அக்கா கோடு போட்ட நோட்டில் வீடு வீடாக எழுதிய பட்டியலில் வேறு பொருட்களும் இருந்தன: கிழித்துப் போட்ட கல்யாண ஆல்பம், கண்ணாடி உடைந்த அம்பேத்கர் படம், இறந்துபோன மகனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், மகள் பூப்பெய்தியபோது மாமன் வைத்த சீர்வரிசைத் தட்டு. இவற்றுக்கு அரசு இழப்பீடு கிடையாது. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் அந்த நோட்டைத் திறந்து வைத்து எழுதிய நேரத்தில்தான் பெண்கள் அழுதார்கள் என்கிறார் அவர். ஆல்பத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய ஒரு பெண், அன்று இரவு எங்கே ஒளிந்திருந்தார் என்பதையும் சொல்லி முடித்தார். அதுவரை தன் புருஷனிடமும் சொல்லாதது அது. அந்த நோட்டின் ஒரு பகுதி பின்னர் கூடுதல் வாக்குமூலமாகவும் வழக்குக்குள் போனது.

ஆண்களிடம் பேசுவது இதைவிடக் கடினம். தாக்க வந்தபோது ஓடி ஒளிந்த தகப்பன், பிள்ளை முகத்தைப் பார்க்க முடியாமல் சாராயத்துக்குள் போகிறான். 'எங்கப்பன் ஓடிட்டான்' என்று பையன் நண்பர்களிடம் சொல்கிறான். நாற்பது பேர் கட்டையோடு வரும்போது ஓடுவது கோழைத்தனம் ஆகாது, உயிர்ப் புத்தி. இதைச் சொல்வதற்கு ஓர் ஆண் பணியாளர் வேண்டும். அதுவும் தன் ஊரில் தானும் ஒரு நாள் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடியவராக இருந்தால் நல்லது. அப்படி ஒருவர் இருந்தார். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லாத தகுதி அது.

ஊர்த் தெரு வழியாகப் பள்ளிக்குப் போக மறுத்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். அவனுக்காக அக்கா ஒரு மாதம் காலையில் ஏழரை மணிக்கே வந்து அவனோடு நடந்தார். முதல் வாரம் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு பக்கத்தில் நடந்தான். பிறகு, "நீ பின்னாடி வாக்கா" என்றான்.

எல்லாவற்றையும் பேச்சால் சரிசெய்துவிட முடியாது என்பதும் இவர்களுக்குத் தெரியும். மாதக் கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல் கிடந்த ஒரு பெண்ணை 'பேய் அடிச்சிருக்கு' என்று கோயிலுக்கு அழைத்துப் போக இருந்தார்கள். பணியாளர்கள் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். மருந்து எடுத்தார், மெல்லத் தெளிந்தார். மருத்துவரிடம் போக வேண்டிய இடம் எது, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்கிற இடம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிவது இந்த வேலையில் பாதி.

ஒன்றைச் சொல்ல வேண்டும். காயம் ஆறுவது என்றால் ஊரும் காலனியும் கைகோத்துப் படம் எடுத்துக்கொள்வது என்று ஒரு எண்ணம் அதிகாரிகளிடம் இருக்கிறது. நம் மாவட்டத்து மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயில் வழிபாட்டுத் தகராறில் 2023 ஜூனில் சீல் வைக்கப்பட்டது. தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆயிற்று, அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. பூட்டைத் திறக்க நீதிமன்றத்தால் முடிந்தது. தெருவில் எதிர்ப்படும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதை எந்த உத்தரவும் மாற்றாது. அமைதிக் கூட்டத்தில் காலனிக்காரரையே முதலில் 'விட்டுக் கொடுங்க' என்று சொல்கிற வழக்கம் இருக்கும்வரை அந்தக் கூட்டங்களை நாம் நம்பத் தயாராக இல்லை.

மாலை ஆறு மணிக்கு மேல்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதையும், தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டதையும் யாரும் மறந்திருக்க முடியாது. அதன் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு கட்டுவதிலிருந்து பள்ளிகளின் பெயரில் சாதி ஒட்டியிருப்பது வரை அது பேசியது. பரிந்துரைகள் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வேலை செய்யலாம். மாலை ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது?

அந்த நேரத்தில்தான் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மாலை நேர மையங்கள் திறக்கின்றன. சமுதாயக் கூடத்தின் ஒரு மூலை, இரண்டு டியூப் லைட், ஒரு கரும்பலகை. நம் மக்களுக்கு இது புதிதல்ல. சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916 இல் நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். அம்பேத்கர் 1924 இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியபோது மாணவர் விடுதியும் நூலகமும் அதன் முதல் வேலைகளாக இருந்தன. அந்தத் தொடர்ச்சியில் வைத்துத்தான் சமுதாயக் கூடத்தின் மூலையையும் பார்க்க வேண்டும், டியூஷன் சென்டராகப் பார்க்கக் கூடாது.

தாக்குதலுக்கு அடுத்த மாதங்களில் அந்த மையத்துக்கு வந்த பையன்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அரிவாள் இருந்தது. பதினெட்டு வயது. வெட்டுப்பட்டவன் அவர்களுடைய நண்பன். 'சும்மா இருங்கடா' என்று சொல்ல வேறு ஆள் தேவையில்லை, ஊர் நூற்றாண்டுகளாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த மையத்தின் இளைஞர் பொறுப்பாளர் அப்படிச் சொல்லவில்லை. "உனக்குக் கோபம் வர்றது நியாயம் தம்பி. ஆனா நாளைக்கு உன் பேர்ல ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தா போலீஸ் வெரிஃபிகேஷன்ல நிக்கும். அவன் பேரன் கலெக்டர் ஆவான், நீ வாய்தாவுக்கு அலைவ" என்றார். ஒருவன் ஸ்டேட்டஸை எடுத்தான். இன்னொருவன் எடுக்க மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் பொறுப்பாளர் அவன் வீட்டுத் திண்ணையில்தான் இரவுச் சாப்பாடு சாப்பிட்டார்.

கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதற்கு அவர்கள் கண்டுபிடித்த இடம் வெள்ளைத் தாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். காலனி மேல்நிலைத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினார்கள், சுடுகாட்டுப் பாதைக்கு ஒதுக்கிய நிதி எங்கே போனது, ஊர்த் தெருவில் எத்தனை தெருவிளக்கு, காலனியில் எத்தனை என்று கேட்டார்கள். கேட்டவள் பிளஸ் டூ படித்த ஒரு பெண். பதில் வருவதற்குள் தொட்டியைக் கழுவிவிட்டார்கள். பதில் கடிதம் வந்ததும் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மையத்தில் மாட்டினார்கள், உடைந்துபோன அம்பேத்கர் படத்துக்குப் பதிலாக வாங்கிய புதுப் படத்துக்குப் பக்கத்தில். திங்கள்கிழமை குறைதீர் நாளுக்கு ஆட்சியர் அலுவலகம் போய் வரிசையில் நின்று மனு கொடுக்க இப்போது அங்கே யாருக்கும் துணை வேண்டியதில்லை.

மற்றபடி மையத்தில் நடப்பது பெரிய விஷயங்கள் இல்லை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை எந்த மாதத்துக்குள் வாங்க வேண்டும் என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். கல்லூரியில் சேரும் நேரத்தில் ஒரு சான்றிதழ் குறைந்து, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தவறி, படிப்பை விட்ட பிள்ளைகளை நாம் பார்த்திருக்கிறோம். சனிக்கிழமை பறை. பெண் பிள்ளைகளும் அடிக்கிறார்கள். சாவுக்கு அடிக்கச் சொல்லி ஊரிலிருந்து கூப்பிட்டால் போவதில்லை என்று அவர்களே முடிவெடுத்திருக்கிறார்கள். அந்த முடிவுக்காகக் காலனிக்குள் நடந்த சண்டையை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும்.

தகவல் மனு எழுதிய அந்தப் பெண் இன்று சட்டக் கல்லூரியில் படிக்கிறார்.

அக்காவுக்கு யார்?

தொண்டு நிறுவனங்களைப் பற்றி நம் இயக்கத் தோழர்கள் வைக்கும் விமர்சனம் நமக்குத் தெரியும். அதில் பலவற்றை நாமும் வைத்திருக்கிறோம். அழுகிற முகத்தைப் படம் எடுத்து ஆண்டறிக்கையின் அட்டையில் போடுவது, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்காகவே கூட்டம் நடத்துவது, நிதி தருபவர் கேட்கிற சொற்களுக்கு ஏற்றபடி மக்களின் பிரச்சினையை வெட்டி ஒட்டுவது, எல்லாம் நடக்கின்றன. ஆனால் நிறுவனத்தின் அறிக்கையும் களப்பணியாளரின் வேலையும் ஒன்றல்ல. திட்டம் மூன்று ஆண்டு என்றால் அவருடைய சம்பளமும் மூன்று ஆண்டுதான். பெட்ரோல் காசு தனி என்பார்கள், அது மாதக் கடைசியில் வரும். பலருக்கு வைப்பு நிதி பிடித்தம் கிடையாது. வாய்தாவோ பத்தாண்டு போகும். திட்டம் முடிந்த பிறகும் சாட்சிகள் அவருடைய கைபேசிக்குத்தான் கூப்பிடுகிறார்கள்.

2020 இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் நிர்வாகச் செலவின் வரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைத்தது. ஒரு அமைப்பு பெற்ற நிதியை இன்னொரு அமைப்புக்குக் கொடுப்பதையும் தடை செய்தது. பெரிய நிறுவனத்தின் வழியாக நிதி பெற்று வட்ட அளவில் வேலை செய்த சிறு குழுக்களுக்கு இது நேரடி அடி. குஜராத்தில் நவ்சர்ஜன் என்ற அமைப்பின் பணியாளர்கள் 1,589 கிராமங்களில் எடுத்த தீண்டாமைக் கணக்கெடுப்பு 2010 இல் வெளியானது. இந்தியாவில் அந்த அளவில் செய்யப்பட்ட வேலை அரிது. அந்த அமைப்பின் வெளிநாட்டு நன்கொடை உரிமம் 2016 டிசம்பரில் ரத்தானது. பெரும்பாலான பணியாளர்களை அனுப்ப வேண்டி வந்தது. கிராமங்களோடு பல ஆண்டு பழகிச் சேர்த்த நம்பிக்கை அவர்களோடு போனது.

இந்த வேலை மனதுக்குள் என்ன செய்கிறது என்று நாம் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் சொன்னார்: வெட்டுப்பட்ட உடலின் படங்கள் தன் கைபேசியில் இருக்கின்றன, வழக்குக்காக அழிக்க முடியாது, வீட்டில் பிள்ளை கேம் விளையாடக் கேட்டால் கொடுப்பதில்லை. இன்னொருவருக்கு விழுப்புரத்தில் வாடகை வீடு கிடைக்கவில்லை. 'எந்த ஆபீஸ்ல வேல?' என்ற கேள்விக்குப் பதில் சொன்னதுமே வீட்டுக்காரருக்குச் சாதி தெரிந்துவிடுகிறது. மாதம் ஒரு முறை பணியாளர்கள் தங்களுக்குள் உட்கார்ந்து பேசும் வழக்கம் அந்த நிறுவனத்தில் முன்பு இருந்தது. செலவுக் குறைப்பில் முதலில் நின்றது அந்தக் கூட்டம்.

வெளிநாட்டு நிதியை நம்பியே இது நடக்க வேண்டும் என்பதில்லை. மாவட்ட அளவிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். அதில் அலுவலர் அல்லாத தலித், பழங்குடி உறுப்பினர்களுக்கும், தொண்டு நிறுவனத் தொடர்புடையவர்களுக்கும் 17 ஆம் விதி இடம் ஒதுக்கியிருக்கிறது. அந்த இடங்களில் கட்சிக்காரரின் சிபாரிசில் வருகிறவர்களை விட்டு, காலனிக்குள் போய் வருகிறவர்களை உட்கார வைக்கலாம். 11 ஆம் விதிப்படி சாட்சிகளுக்கு எத்தனை பேருக்குப் பணம் கொடுத்தீர்கள் என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டாலே போதும், பாதி வேலை நடக்கும். கேள்வி கேட்க விரும்புகிறவர்களுக்கு வேறு சில எண்களும் உண்டு. வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண் 14566. மனநல ஆலோசனைக்கு 14416. குழந்தைகளுக்கு 1098. மூன்றும் கட்டணம் இல்லாதவை.

நாம் எழுதிய அந்த மையத்துக்கான திட்டம் கடந்த மார்ச் 31 ஆம் தேதியோடு முடிந்தது. இளைஞர் பொறுப்பாளர் இப்போது புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். ஆபீஸ் அக்காவை வேறு திட்டத்துக்கு, வேறு வட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டாம் சனிக்கிழமைகளில் தன் செலவில் வந்துபோகிறார். வாரத்தில் மூன்று நாள் மாலையில் மையத்தைத் திறப்பவர்கள் முன்பு அங்கே படித்த பிள்ளைகள். கரண்ட் பில்லுக்கு வேலைக்குப் போய்விட்ட நாலு பையன்கள் ஆளுக்கு நூறு ரூபாய் போடுகிறார்கள். வழக்கு சிறப்பு நீதிமன்றத்தில் சாட்சி விசாரணையில் இருக்கிறது. அடுத்த வாய்தாவுக்கு ஆயாவின் பெயரில் போட்ட மனுவில், துணைக்கு வருபவர் என்ற இடத்தில், சட்டக் கல்லூரியில் படிக்கும் அந்தப் பெண்ணின் பெயரை எழுதியிருக்கிறார்கள். பஸ் டிக்கெட் வைக்கும் பிளாஸ்டிக் கவர் இப்போது அவளிடம் இருக்கிறது.